கலைந்து போனவர்கள்

அக்கா,

நேற்று இங்கே குவைத்தில், ஃபர்வானியா வீட்டில் மகள் வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். டியூடர் அரசர்கள் காலத்தில் வட இங்கிலாந்தில் எழுந்த மக்கள் கிளர்ச்சி. பாதியில் நிறுத்திவிட்டு, "ஜெயிக்கிற நேரத்துல ஏம்மா எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க?" என்று கேட்டாள். எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் இறந்த செய்தி திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நாம் வேலை பார்த்த பள்ளியில் ஆசிரியர்களின் பாஸ்போர்ட்டுகளை நிர்வாகமே பூட்டி வைத்திருந்தது. கணக்கு டீச்சரின் அம்மா ஊரில் சாகக் கிடந்தபோதும், பரீட்சை முடியட்டும் என்று தர மறுத்தார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் திரும்பி வந்ததும், பாஸ்போர்ட் கைக்கு வராமல் வகுப்புக்குப் போவதில்லை என்று எல்லோரும் மேனேஜர் அறை முன்னால் நின்றோம். எங்களைக் கூட்டியவர் நீங்கள்தான்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அடுத்த வாரம் எல்லோருக்கும் கொடுத்துவிடுவதாகவும், யார் மேலும் நடவடிக்கை இருக்காது என்றும் சொன்னார். கூட்டம் கைதட்டியது. நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"ஏட்டி, எப்படிச் சிரிக்கான் பாரு. கையில வாங்காம யாரும் போகக் கூடாது."

கடைசியில் நாம் இருவரும்தான் நின்றோம். பிறகு நாமும் வகுப்புக்குப் போனோம்.

அன்று மாலை பள்ளி வேனில் அந்தக் கிளர்ச்சியின் கதையைச் சொன்னீர்கள். திரண்டு வந்த மக்களை எதிர்க்க அரசனிடம் போதிய படை இல்லை. அதனால் மன்னிப்பும் வாக்குறுதியும் கிடைத்தன. தலைவன் அதை நம்பி மக்களைக் கலைந்துபோகச் சொன்னான். அரண்மனைக்கு விருந்தாளியாகப் போய், சிவப்புப் பட்டு மேலங்கிகூட வாங்கி வந்தான். அடுத்த கோடையில், வேறொரு சிறு கலகத்தைச் சாக்காக வைத்து அவனைத் தூக்கில் போட்டார்கள். "நம்மளையும் தனித்தனியாத்தான் கூப்பிடுவான்" என்று முடித்தீர்கள்.

அப்படியே கூப்பிட்டார்கள். எங்கள் பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்தன. உங்களுடையதும் வந்தது, விசாவை ரத்து செய்து.

கூட்டம் சேர்த்தது நீங்கள்தான் என்று யாரோ உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அதன்பின் நீங்கள் எவரையும் நம்பவில்லை. நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் உங்கள் பேச்சு நின்றுவிடும். வலித்தது அக்கா. ஆனாலும் விமான நிலையத்துக்கு நான்தான் உங்களுடன் வந்தேன்.

"உன் மேலயும் எனக்குச் சந்தேகம் வந்துச்சுட்டி" என்றீர்கள்.

"இப்ப?"

பெட்டியை வரிசையில் கொஞ்சம் நகர்த்தினீர்கள். "இப்பவும் கொஞ்சம் இருக்கு. கோவிச்சுக்காத."

நான் சொல்லவில்லை அக்கா. போனில் பலமுறை இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சந்தேகம் கூடும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் நம் பள்ளியின் புதிய மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, இந்தக் கோடையில் யாருடைய லீவிலும் கை வைக்கமாட்டோம் என்றார். எல்லோரும் நன்றி சொன்னார்கள். நான் எழுந்து அதை எழுத்தில் கேட்டேன். முகம் மாறாமல் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். கூட்டம் முடிந்ததும் நான் வாசலைத் தாண்டவில்லை. தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் யார் அவர் பின்னால் அறைக்குள் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.