ட்ரெபிளைக் குறைத்தது யார்?

ஜூன் 9, 2024. ஞாயிறு

என் கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பழைய ஆம்ப் இன்று செத்துவிட்டது. மூன்றாவது பாட்டின் நடுவில் கரகரப்பைக் கூட்ட டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தேன், ஒரு கருகல் வாசனை, அவ்வளவுதான். செல்வம் அது தெரியாமல் டிரம்ஸை அடித்துக்கொண்டே இருந்தான். நான் கையை ஆட்டிய பிறகுதான் நிறுத்தினான்.

சேலத்தில் நிகழ்ச்சி ஜூலை கடைசியில். கொல்லிமலையிலிருந்து ஒரு ஹெவி மெட்டல் பேண்டா என்று ஆச்சரியப்பட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். போய் ஏமாற்ற முடியாது. எங்கள் பாடகி அருணாவின் புதுப் பாட்டு முதல் பாதி முழுக்க கிளீன், கரகரப்பே இல்லாத சத்தம். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகச் சொட்ட வேண்டும். அதன் பிறகு மலை சரிகிற மாதிரி டிஸ்டார்ஷன். இரண்டையும் ஒரே ஆம்ப் செய்தாக வேண்டும்.

ஜூன் 12

மழை. மரம் அறுக்கப் போகவில்லை. காலையிலிருந்து போனில் ஆம்ப் வீடியோக்கள். ஒருவன் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்த வால்வு ஆம்ப்தான் உயிர் என்கிறான். இன்னொருவன் எல்லாம் டிஜிட்டலில் வந்துவிட்டது என்கிறான். அவன் பின்னால் அந்த டிஜிட்டல் கம்பெனியின் பெட்டிகளே அடுக்கியிருக்கின்றன. யாரை நம்புவது?

செல்வம் போன் செய்தான். "டிரான்சிஸ்டர் ஆம்பே எடுத்துக்கலாமுங்ண்ணா. கிளீன் சுத்தமா வரும். மெட்டலுக்கு ஒரு நல்ல பெடல் வெச்சுக்கலாம். வால்வு நம்ம மலைக் கரண்டுக்குத் தாங்காது."

டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு கிட்டார் ஆம்ப் மேல் என்ன இத்தனை அக்கறை? மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு தடவை சேலம் போகிற ஆள். கடைக்காரனோடு ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறானோ?

ஜூன் 16, ஞாயிறு

சேலம். செல்வத்தின் ஜீப்பில் மூவரும் போனோம். கடைக்காரர் காளியண்ணன், வாயெல்லாம் பல். செல்வத்தைப் பார்த்ததும் "வாங்க வாங்க" என்று அவன் தோளில் கைபோட்டார். என்னைப் பார்த்து வெறுமனே தலையசைத்தார்.

நான்கு ஆம்ப் வாசித்துப் பார்த்தேன். டிஸ்டார்ஷன் எல்லாவற்றிலும் நன்றாகவே இருந்தது. தடித்த கம்பியை அடித்தால் நெஞ்சில் இடிக்கிறது. கிளீன்தான் — நான்கிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி. செல்வம் சொன்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்தான் இருப்பதிலேயே மோசம். உயிரே இல்லை.

"இதைவிட பளிச்சுன்னு ஒரு ஆம்ப் இந்தக் கடையில கெடையாதுங்க" என்றார் காளியண்ணன். ஸ்பீக்கரை மாற்றிவிட்டு விற்கிற ஆட்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருகினேன். அருணா முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். அங்கே செல்வமும் கடைக்காரரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பியதும் பேச்சு நின்றது.

அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதை வாங்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். மூலையில் இருந்த பழைய வால்வு ஆம்பைக் காட்டினேன். ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்றேன். காளியண்ணன் உடனே சம்மதித்தார். அவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பதா? அதுவும் சரியாகப் படவில்லை.

ஜூன் 18

என் மனைவி நாகலட்சுமி அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, வுடுங்க." ஒன்றுமில்லாததை எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூன் 21

ஆம்ப் இப்போது செல்வம் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. நாங்கள் பாட்டு வாசித்துப் பழகுவது அங்கேதான். ஒரு பக்கம் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகள், மறுபக்கம் டிரம்ஸ். இங்கேயும் அதே கம்பளிச் சத்தம். கரண்ட் குறைவு என்று நினைத்து எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்றான். அவன் செல்வத்துக்குப் பங்காளி முறை. வேறு எப்படிச் சொல்வான்?

ஜூன் 23, ஞாயிறு

இன்று கேட்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வாசித்துப் பழகி முடித்துக் கைகழுவப் போனேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் செல்வமும் அருணாவும். நான் வந்ததைப் பார்க்கவில்லை. செல்வம் சொன்னது நன்றாகக் கேட்டது: "ஆள மாத்தீரலாம். அண்ணங்கிட்ட இப்பச் சொல்லாத."

ஆளை மாற்றுவதா! ஏழு வருசம். இந்தப் பேண்டை ஆரம்பித்ததே நான். இவனுக்கு டிரம்ஸ் வாங்க அலைந்தது யார்? கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம், உன் குரலுக்கு மெட்டல்தான் சரி என்று சொன்னது யார்?

ஒன்றும் கேட்காதவன் போலவே விடைபெற்று வந்தேன். "வாரேன் கண்ணு" என்று வேறு சொன்னேன். சீ.

ஜூன் 26

மெல்ல மெல்லக் கணக்குப் புரிகிறது. சமீபமாக என் பக்கத்தில் இருக்கும்போது இருவரும் வாயை முழுக்கத் திறந்து பேசுவதே இல்லை. போன வாரம் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன், எதற்கென்று தெரியவில்லை.

ஆம்பிலும் கைவைக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நான் சரிசெய்து வைத்துவிட்டு வருவதற்கும் அடுத்த தடவை போவதற்கும் இடையில் சத்தம் இன்னும் மங்கிவிடுகிறது. இன்று ட்ரெபிளைக் கடைசி வரை திருகிவைத்து, குமிழின் ஓரத்தில் பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 28

கோடு நகர்ந்திருக்கிறது. பாதிக்கும் கீழே.

ஜூன் 30, ஞாயிறு

கேட்டுவிட்டேன். "ட்ரெபிளைக் குறைச்சது யாரு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருணாதான் முன்னால் வந்தாள். "நாந்தாங்ண்ணா. நீங்க வெக்கறது ஊசி குத்தற மாதிரி இருக்குதுங்ண்ணா. பாடி முடிச்சு ஊட்டுக்குப் போனாலும் காது ரெய்ங்குனு கெடக்குது."

"அப்ப மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னனே. நாலஞ்சு தடவ சொன்னன். நீங்க காதுலயே வாங்கல."

பொய். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆளை மாற்றப் பார்க்கிற கதையையும் எடுத்தேன். செல்வம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "என்னுங்ண்ணா சொல்றீங்க? எந்த ஆளு?" என்ன நடிப்பு! உனக்குக் கடைக்காரன் என்ன கொடுத்தான் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவன் முகம் மாறியது. பார்த்தேன். கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பின்னாலிருந்து அவன் ஏதோ கத்தினான். திரும்பவில்லை.

ஜூலை 2

யாரும் போன் செய்யவில்லை. நல்லதாப் போச்சு.

ஜூலை 3

எங்கள் மலையிலேயே அரியூர் நாட்டுப் பக்கம் நாள் முழுக்க சில்வர் ஓக் மரம் அறுத்தேன். மெஷினை அணைத்த பிறகும் அது ஓடுகிற மாதிரியே தலைக்குள் ஒரு கூவல்.

நாகலட்சுமியும் கூட வந்திருந்தாள், மிளகுக் கொடியைப் பிரித்துக் கட்ட. திரும்பி நடக்கும்போது, "இந்தச் சில்வண்டு என்னமா கத்துது, காதே கிழிஞ்சு போயிரும்போல" என்றாள். எந்தச் சில்வண்டு? காடே அமைதியாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை. இவளிடமும் பேசிவிட்டார்களா?

ஜூலை 5

சாயந்தரம் அருணா ஸ்கூட்டியில் வந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நாகலட்சுமிதான் நாற்காலி போட்டாள்.

"சண்டைக்கு வரலீங்ண்ணா. ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போயர்றேன்" என்று போனை மேசையில் வைத்தாள். ஒரு சத்தம் வந்தது, அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி. "கேக்குதுங்களா?" கேட்டது. அடுத்தது கொஞ்சம் மேலே. கேட்டது. அதற்கு மேலே. கேட்டது, ஆனால் தூரத்தில். பிறகு அவள் போனைத் தொட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ம், போடு" என்றேன்.

"போட்டிருக்கனுங்ண்ணா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒன்றையும் ஓடவிடாமல் வைத்துக்கொண்டு என்னைப் பைத்தியக்காரன் ஆக்கப் பார்க்கிறாள். நாகலட்சுமியைப் பார்த்தேன். அவள் விரலால் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். சரி, இவளுக்கும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் அருணா வந்திருக்கிறாள். இதைச் சொல்ல வாயெடுத்தேன்.

வாசலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த நாய் தலையைத் தூக்கியது. இரண்டு காதையும் விறைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேசை மேல் இருந்த போனையே பார்த்தது. அருணா போனைத் தொட்டாள். நாய் தலையைக் கீழே வைத்தது. மறுபடி தொட்டாள். மறுபடி தூக்கியது.

நாய்க்கு என்மேல் என்ன பகை? அதற்கு யார் கமிஷன் கொடுத்தார்கள்?

யாரும் பேசவில்லை. அல்லது பேசினார்களோ என்னவோ.

ஜூலை 9

சேலத்தில் காது டாக்டர். நாகலட்சுமியும் வந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் பட்டனைப் பிடித்துக்கொண்டு சும்மாவே இருந்தேன். கண்ணாடிக்கு வெளியே சத்தத்தை ஓடவிடுகிற பெண்ணின் கை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு படம் காட்டினார்கள். இடது பக்கம் கோடு சமதளமாகப் போகிறது. பாதிக்கு மேல், மலை மேல் செம்மேட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குகிற மாதிரி ஒரேயடியாக இறக்கம்.

"கனமான சத்தம் உங்களுக்கு நல்லாக் கேக்குதுங்க. கீச்சுனு வர்ற மெல்லிசான சத்தம்தான் போயிருச்சு" என்றார் டாக்டர். "ஆள் பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னு பிடிபடாது. எல்லாரும் முணுமுணுக்கற மாதிரியே தோணும்."

நாகலட்சுமி என் கையைப் பிடித்தாள்.

மரம் அறுக்கிற மெஷின் பாதி, காதை மூடாமல் வாசித்த ஆம்ப் பாதி. போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்றலாம், காது மெஷின் வைக்கலாம் என்றார்.

ஜூலை 10

முப்பத்தாறு வயசு.

கிளீன் டோன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது, அது முன்னால் எப்படி இருந்தது என்பதுதான்.

ஜூலை 14, ஞாயிறு

செல்வம் வீட்டுக்குப் போனேன். ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே வரும்வரை நின்றேன்.

"எனக்குக் காது போச்சு செல்வம்" என்றேன்.

"அருணா சொல்லுச்சுங்ண்ணா" என்றான். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான், அது எப்போதோ போய்விட்டது.

தொட்டியருகே கேட்டதைச் சொன்னேன். ஆளை மாற்றலாம் என்றாயே என்று. கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஒரு மாதிரி முகம் கோணியது. "வால்வுங்ண்ணா! வால்வ மாத்தீரலாமுன்னு சொன்னன். நீங்க சத்தம் மங்கலா இருக்குது, மங்கலா இருக்குதுன்னு பொலம்பிக்கிட்டே இருந்தீங்க. புது வால்வு போட்டுட்டு சொல்லலாம்னு பாத்தோம்." ஜீப்பைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினான். உள்ளே பஞ்சில் சுற்றிய இரண்டு வால்வுகள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

கிளம்பும்போது அவனாகவே சொன்னான். "ஒண்ணு மட்டும் நெசந்தாங்ண்ணா. காளியண்ணன் எனக்கு ஒரு ஜோடி டிரம்ஸ் குச்சி சும்மா குடுத்தாரு."

ஆக, அந்த ஒரு சந்தேகம் சரி.

ஜூலை 17

மறுபடி அதே கடை. இந்த முறை முறையாகப் பார்த்தோம். நான் வாசித்தேன், அருணா கிளீனைக் கேட்டாள், கடைசிச் சுவர் அருகே நின்று செல்வம் இரண்டையும் கேட்டான். டிஸ்டார்ஷன் என் பொறுப்பு. ஆம்ப் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தடித்த கம்பியை அடித்து அமுக்கினால் அதிர்வு உடனே நிற்க வேண்டும், வழியக் கூடாது. திருப்பிக் கொண்டுபோயிருந்த வால்வு ஆம்ப் வழிந்தது. செல்வம் முதலில் சொன்ன டிரான்சிஸ்டர் ஆம்ப், பெடலோடு, கத்தரித்த மாதிரி நின்றது.

"கிளீன்?" என்றேன்.

அருணா பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "கண்ணாடித் தம்ளர்ல தண்ணி ஊத்தற மாதிரி இருக்குதுங்ண்ணா."

எனக்குக் கம்பளிதான் கேட்டது. அதையே வாங்கினோம்.

ஜூலை 28, ஞாயிறு

நேற்று சேலத்தில் வாசித்துவிட்டோம். குமிழ்களை எல்லாம் அருணாதான் வைத்தாள். காதில் அடைப்பு மாட்டிக்கொண்டுதான் மேடை ஏறினேன். கிளீன் பகுதியில் பாதிக்கு மேல் என் விரலின் நினைவில்தான் வாசித்தேன். ஒரு இடத்தில் தப்பாகப் போகிறதோ என்று பயம் வந்து முன்வரிசையைப் பார்த்தேன். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். போகட்டும் என்று தொடர்ந்தேன்.

அதன் பிறகு டிஸ்டார்ஷன். அது மட்டும் எனக்கு முழுசாக, ஒன்று குறையாமல், முதுகெலும்பு வரை.

ஆகஸ்ட் 13

பேளுக்குறிச்சியிலிருந்து ஒரு வியாபாரி, எடப்புளி நாட்டில் மரம் பார்க்க வந்திருந்தார். புது ஆள். டீக்கடையில் உட்கார்ந்து எந்த மரத்தை முதலில் அறுப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் நடுவில் மெதுவாக ஏதோ சொன்னார். மறுபடி சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காது கம்மிங்க" என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அவர் குனிந்து கிட்டே வந்து சொன்னார்: "டீ ஆறுதுங்க!"