அப்பாவின் பெயரைக் கழற்றி வைத்திருக்கிறேன்

சிவமயம்

குருக்கள்மடம்,
20.07.2012

அன்புள்ள மகன் ஜெயரூபனுக்கு,

நீயும் மருமகள் தனுஷியாவும் சின்னவர்கள் இரண்டு பேரும் அங்கே குளிர், இருமல் என்று படுக்காமல் நல்ல சுகத்தோடு இருக்க கோயில் அம்மாளை மன்றாடுகிறேன். இங்கே நானும் உன் தங்கச்சியும் உடம்பளவில் சுகம். உடம்பளவில் என்று ஏன் எழுதச் சொன்னேன் என்பது கீழே வாசித்தால் தெரியும். நான் சொல்லச் சொல்ல வதனிதான் இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத் தெரியத் தொடங்கிவிட்டது. நான் வாயால் சொல்வதை அவள் திருத்தித் திருத்திப் போடுகிறாள், சில சொல்லை எழுதவே மாட்டேன் என்று பேனையை மூடி வைத்துவிட்டு இருக்கிறாள். ஆகவே இதில் நீ வாசிக்கப்போகும் கோபம் எனக்குள்ள கோபத்தில் பாதிதான் என்று வைத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கிணற்றுப் பேச்சை எடுத்த உடனே நீ, "அம்மா, கூரையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்கிறாய். பிறகு எடுத்தால் பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்துவிடுகிறாய். கடிதம் என்றால் இடையில் வைக்க முடியாது.

வதனிக்குப் பட்டதாரிப் பயிலுனர் நியமனம் கிடைத்தது உனக்குத் தெரியும். களுவாஞ்சிகுடியில் ஒரு அலுவலகத்தில் மேசை இல்லாத கதிரை ஒன்றில் இருத்தி வைத்திருக்கிறார்களாம். காலையில் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வருகிறாள். கலியாணப் பேச்சு ஒன்று சித்தாண்டிப் பக்கமிருந்து வந்தது. இவள் நிமிர்ந்து முகம் பார்க்கவில்லை என்று மாப்பிள்ளையின் தாய்க்காரி குறை சொல்லிக்கொண்டு போனாள். போகட்டும். மேற்குப் பக்கத்து ஓடுகளை மாரிக்கு முன் மாற்றவேண்டும். சிவப்பி கன்று போட்டிருக்கிறது, கிடாரிக்கன்று. அதற்கும் தண்ணீர் அடுத்த தெருவிலிருந்துதான் வருகிறது.

நீ கேட்ட வீடியோவுக்கு வருகிறேன். அங்கே நீங்கள் நடத்தும் ஊர் ஒன்றியத்து ஆட்கள் ஆவணி மாதம் வருகிறார்கள், கரையோரத்தில் இன்னும் பத்துக் கிணறுகளுக்குச் சூரிய ஒளியில் ஓடும் பம்பி பூட்டப்போகிறார்கள், அதற்கு முதல் அம்மா நம்முடைய கிணற்றடியில் நின்று, பம்பியால் எங்களுக்கு வந்த நன்மையைப் பற்றி நாலு வசனம் பேசவேண்டும் என்று சொல்லியிருந்தாய். நல்ல சேலை கட்டச் சொன்னாய். பத்துப் பம்பிக்கும் பெயர்ப்பலகை அடித்து முடிந்தது, எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர்தான், அமரர் அழகரத்தினம் ஞாபகார்த்தமாக என்று இருக்கிறது என்றும் சொன்னாய். அதை இரண்டு தரம் சொன்னாய். எனக்கும் விளங்கியது. சுனாமியில் கடல் அவரைக் கொண்டுபோனபோது இங்கே வந்துபோக உன்னிடம் விசாத் தாள் இல்லை. கொள்ளி வைக்காத பிள்ளை என்ற குறை உன்னை அங்கே தின்கிறது. அதனால்தான் இவ்வளவு நாளும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

நம்முடைய கிணறு சவராகிவிட்டது, மகன். போனில் நீ, "கொஞ்சம் உப்புக் கலந்திருக்கும்" என்று சொன்னது போல இல்லை. தேத்தண்ணீர் ஊற்றினால் குடிக்க முடியாது. சோறு வெந்தும் வேகாததுபோல் இருக்கிறது, சவுக்காரம் நுரைக்கிறது இல்லை. மிளகாய்க் கன்றுகளின் இலை ஓரமெல்லாம் நெருப்புக் காட்டியதுபோல் கருகி, பயிற்றங்கொடி பூவோடு காய்ந்து, இப்போது அந்தப் பாத்தி வெறும் மணலாகக் கிடக்கிறது.

பம்பி வந்த நாளை நான் மறக்கவில்லை. ரிபன் வெட்டினோம், மோதகம் கொடுத்தோம், தகட்டில் வெயில் பட்டதும் குழாயால் தண்ணீர் பாய்ந்ததைப் பார்த்து ஊர்ச் சனம் கைதட்டியது. முந்தி மண்ணெண்ணெய் மெசினை வைத்து இறைத்தபோது போத்தல் கணக்கில் எண்ணெய் ஊற்றுவோம், எண்ணெய் முடிந்தால் மெசின் நின்றுவிடும், நாங்களும் போதும் என்று மண்வெட்டியைக் கழுவி வைப்போம். நீ தந்தது நிற்கவில்லை. நீயும் போனில், "சூரியன் பில் அனுப்புறதில்லை, ஓடட்டும் விடுங்க" என்று சிரித்தாய். நானும் விட்டேன். ஒரு பாத்தி இரண்டாகி இரண்டு நாலாகியது. முதல் வருடம் கத்தரியும் மிளகாயும் காய்த்த காய்ப்பைப் படம் எடுத்து அனுப்பினோமே, அந்தப் படத்தைத்தான் உங்கள் கூட்டத்தில் பெரிதாக்கிப் போட்டாயாம்.

அப்போதே வதனி சொன்னாள். அவள் சொல்கிற விதம் உனக்குத் தெரியும், நிலத்தைப் பார்த்துக்கொண்டு தன்னோடு தானே பேசுவதுபோல். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மணல்மேடு, அதற்குள் நிற்பது மழையாய் இறங்கிய தண்ணீர், அது அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு இருக்கிறது, அளவாக அள்ளினால் அப்படியே நிற்கும், நாள் முழுக்க இழுத்தால் கீழே இருப்பது மேலே ஏறிவிடும் என்றாள். உன்னிடமும் போனில் சொன்னாள். எவ்வளவு இறைக்கலாம் என்று கிணற்றை முதலில் அளக்கவேண்டும், அந்தளவு முடிந்ததும் தானாக நிற்கும்படி பூட்டவேண்டும் என்று கேட்டாள். நீ அவளுக்கு என்ன சொன்னாய்? "தங்கச்சி, நான் இஞ்ச எத்தினை கூரைக்குச் சூரியத் தகடு பூட்டியிருக்கிறன், நீ எனக்குப் படிப்பிக்கிறியா" என்றாய். அவள் போனை என்னிடம் தந்துவிட்டு ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டாள். நீ கூரை ஏறுகிறவன் மகன். அவள் நிலத்துக்குக் கீழே உள்ளதைப் படித்தவள். அதைப் படிக்க வைத்ததும் நீதான். நம்முடைய வீட்டில் முதன்முதலாகக் கம்பசுக்குப் போன பிள்ளை என்று அங்கே எல்லாருக்கும் சொல்லித் திரிந்தாய். உன் உழைப்பில் படித்ததை அவள் உனக்கே சொன்னபோது நீதான் காது கொடுக்கவில்லை.

அவள் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவும் இல்லை. சுனாமி வந்து நம்முடைய வளவுக் கிணற்றை வாய்வரை நிரப்பிவிட்டுப் போனபோது நீ இங்கே இல்லை. எங்கெங்கோ இருந்து நல்ல மனதோடு மெசின்களைக் கொண்டு வந்து ஒவ்வொரு கிணறாக வற்ற வற்ற இறைத்தார்கள். அடுத்த நாள் பார்த்தால் முன்னையிலும் உப்பு. துப்புரவு போதாது என்று திரும்ப இறைத்தார்கள். பிறகு படித்த ஆட்கள் சிலர் வந்து கம்பியில் கட்டிய ஒரு கருவியைக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்து, இறைப்பதை நிறுத்துங்கள், மழை கழுவட்டும் என்றார்கள். வதனி அப்போது பள்ளிக்கூட உடுப்போடு அவர்களுக்குப் பின்னால் கிணறு கிணறாகப் போனாள். இரண்டு மாரி பொறுத்தோம், கிணறு திரும்பி வந்தது. இதைக் கண்ணால் கண்டவள்தான் உனக்குச் சொன்னாள்.

நீ எப்போதும், "மண்ணெண்ணெய்ப் புகை வானத்தைச் சூடாக்குது அம்மா, பனிமலை உருகிக் கடல் ஏறினா எங்கட கரைதான் முதல்ல போகும்" என்பாய். அது பொய் என்று வதனியும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். வீட்டுக்குள் நீ பூட்டித் தந்த சின்னத் தகட்டு வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறோம், அதற்கு உன்னை வாழ்த்தாத நாளில்லை. ஆனால் கடல் மேலால் வரும் என்று நீ அங்கே பார்த்துக்கொண்டு இருந்தாய். அது இங்கே கீழால் வந்துவிட்டது. அதற்கு வழி திறந்தது நம்முடைய வளவு.

நம்முடைய கிணற்றோடு போயிருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன். வேலிக்கு அங்கால் உன் கோணாமலை மாமாவின் கிணறும் சவராகிவிட்டது. அவர்கள் வாளியால் அள்ளுகிற சனம், பம்பியைத் தொட்டதே இல்லை. மேலே வேலி போட்டிருக்கிறோம், கீழே ஒரே தண்ணீர். அவருடைய பெண்சாதி கண்ணகை மாமி ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டி, "என்னகா மச்சாள், உங்கட வெயில் எங்கட கிணத்தையும் குடிச்சிட்டுதா" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும் நாளில் தெருவில் குடத்தோடு நிற்கும்போது எனக்கு முன்னால் இடம் விட்டு விலகி நிற்கிறாள், ஏசினால்கூடத் தாங்குவேன்.

வைகாசிச் சடங்கில் அம்மாளைக் குளிர்விக்கிற நாளுக்குத் தண்ணீர்க்குடம் நம்முடைய கிணற்றில்தான் நிறையும் என்பது உனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில், இந்த ரோட்டால் ஆள் நடக்கப் பயந்த வருடத்திலும் வந்து எடுத்தார்கள். சுனாமிக்குப் பிந்திய அந்த இரண்டு வருடம் ஊரிலே எல்லாக் கிணறும் ஒன்றுதான், அதில் வெட்கம் இல்லை. இந்த வருடம் நான் முற்றம் கூட்டி, மாக்கோலம் போட்டு, கப்பிக்குப் புதுக்கயிறு கட்டி வைத்துக்கொண்டு வேலிப் படலையில் நின்றேன். பறைமேளம் கேட்டது, குடத்தோடு வந்தார்கள், நம்முடைய படலையைக் கடந்து போனார்கள். பூசை செய்யும் கப்புகனார் மட்டும் தலையைத் திருப்பி ஒருக்கால் பார்த்தார். அன்றைக்கே பம்பியின் வயரைக் கழற்றிவிட்டேன்.

உன்னிடம் பேசிப் பயனில்லை என்று நாங்களே களுதாவளைக்குப் போனோம், உங்கள் பத்தில் மூன்று அங்கேதான் வருகிறதாம். ஊர்ப் பல்தேவைக் கட்டிடத்தில் தோட்டக்காரர்களின் கூட்டம் கூடியிருந்தது. வதனி எழும்பி நின்றாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். "சத்தமாச் சொல்லு புள்ள, நாங்களும் ஊரில்தான் இருக்கிறம்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அவள் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள், கிணற்றை அளந்து பார்த்துவிட்டுப் பூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை என்றாள். ஒரு இளந்தாரி, "ரீச்சர், அதுவரைக்கும் மண்ணெண்ணெயை நீங்க வாங்கித் தாறீங்களா" என்று கேட்டான். ஒரு மனுசி என் முகத்துக்கு நேரே, "அக்கா, உங்கட மகன் உங்களுக்குத் தந்தாச்சி. எங்களுக்கு வாறதை ஏன் தடுக்கிறீங்க, எரிச்சலா" என்றாள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாசியில் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து தோட்டக்காரன் படும் பாடு எனக்கும் தெரியும். பஸ்ஸில் வரும்போது வதனி, "அண்ணா சொன்னாக் கேட்பாங்க அம்மா" என்று மட்டும் சொன்னாள். அது சரி. தருகிறவன் வாயால் வந்தால்தான் அது பேச்சு.

ஆகையால் நான் உன்னிடம் கேட்பது இதுதான். இந்தக் கடிதத்தை உங்கள் கூட்டத்தில் எழும்பி நின்று வாசி. பத்தையும் நிறுத்தி வை. வதனி சொன்ன மாதிரிக் கிணறுகளை அளக்க ஆள் பிடி, அளந்த பிறகு எந்தக் கிணறு தாங்குமோ அதற்கு, அது தாங்குமளவுக்குப் பூட்டுங்கள். களுதாவளைச் சனத்துக்கு உன் பெயர் போட்டு நீயே எழுது, எங்கள் கிணறு இப்படிப் போனது என்று. வெட்கமாக இருக்கும். எனக்குப் படலையில் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை நம்முடைய பம்பியில் இருந்த அப்பாவின் பெயர்ப்பலகையைக் கழற்றினேன். ஆணி துருப்பிடித்து இறுகிப்போய் நான் கத்தியால் நெம்பிக்கொண்டு இருந்தபோது, பேச்சில்லாமல் இருந்த கோணாமலை மாமா குறட்டோடு வந்து நின்றார். "அவன் எனக்குக் கூட்டாளி தங்கச்சி, அவனை இதில மாட்டி வைக்க ஏலா" என்று சொல்லிக்கொண்டு நாலு ஆணியையும் அவரே பிடுங்கித் தந்தார். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். அந்த மனிதர் உப்புத் தண்ணீரைக் குடித்துத்தான் செத்தார். அவர் பெயரை வாசித்துவிட்டு இன்னும் பத்துக் கிணற்றடியில் சனம் உப்புத் தண்ணீரைத் துப்ப நான் விடமாட்டேன். நீ நிறுத்தாவிட்டால் வீடியோவுக்கு நான் வருவேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கு அந்தக் கிணற்றில் அள்ளி ஆளுக்கு ஒரு செம்பு கொடுப்பேன். குடித்துவிட்டுப் படம் எடுக்கட்டும்.

பெற்றவள் இப்படி எழுதுகிறாளே என்று மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. கூரையில் ஏறும்போது இடுப்புக் கயிற்றைக் கட்டாமல் ஏறாதே, பனிக்காலத்தில் வழுக்கும் என்று தனுஷியா சொன்னாள். பெரியவனுக்குத் தமிழ் எழுதப் பழக்கு. அம்மாள் உன்னையும் உன் குடும்பத்தையும் ஒரு தீங்கும் அண்டாமல் காத்து, நோய் நொடி இல்லாத வாழ்வைத் தரட்டும். எனக்கு இருப்பது நீங்கள் இரண்டு பேரும்தான், ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு நடவுங்கள்.

ஆவணியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாய். வருகிறபோது மட்டக்களப்பில் வான் வண்டியை நிறுத்தி, அவர்களுக்குக் குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்கிக்கொண்டு வா. நிற்கிற நாளுக்கெல்லாம் குறையாமல் காணக்கூடியதாக வாங்கு. இங்கே கொடுப்பதற்கு என்னிடம் இல்லை.

இப்படிக்கு,
உன் வரவையும் உன் பதிலையும் பார்த்திருக்கும்
அம்மா