வளைவுக் கண்ணாடியைச் சாலையின் பக்கம் திருப்ப வேண்டி

அனுப்புநர்
தையற்காரி (பேருந்து நடத்துநரின் மனைவி),
பாறை வளைவு வீடு,
மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் நடுவே,
மாநில நெடுஞ்சாலை.

பெறுநர்
சாலைப் பொறியாளர் அவர்கள்,
மாநில நெடுஞ்சாலை அலுவலகம்.

பொருள்: பாறை வளைவில் பொருத்தப்பட்ட குவிகண்ணாடி, எதிரே வரும் வண்டிகளைக் காட்டாமல் எங்கள் இரு குடும்பங்களைக் காட்டிவருவது குறித்து.

பார்வை: இதே கண்ணாடியைக் கேட்டு நான் சென்ற ஆண்டு அனுப்பிய மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். கேட்டேன், கொடுத்தீர்கள். மனு போட்டு ஒரு பொருள் வந்து சேர்ந்ததை எங்கள் இரண்டு ஊர்க்காரர்களும் இன்னும் நம்பவில்லை; கம்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனவே இந்த மனுவைத் தங்கள் துறை மீதான குறையாகக் கொள்ளாமல், வந்த பொருள் கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது என்ற அளவில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. இடத்தைத் தாங்கள் அறிவீர்கள். சாலை போட்டவர்கள் பாறையை உடைக்க மனமில்லாமல் சாலையை வளைத்துவிட்டார்கள். பாறைக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் என் கணவரின் அக்கா, அதாவது என் மூத்த நாத்தனார் வீடு. கூப்பிட்டால் கேட்காது, கோபித்தால் கேட்கும் என்கிற தூரம். நாத்தனார் வீட்டு வாசலில்தான் பேருந்து நிறுத்தம்.

3. வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் கணவரை இந்த வளைவில்தான் ஒரு செங்கல் லாரி தட்டிவிட்டது. அவர் காலுக்குள் இப்போது ஒரு கம்பி இருக்கிறது. லாரிக்காரர் மீது எனக்கு வருத்தமில்லை; அவருக்கும் பாறைதான் தெரிந்தது. மருத்துவமனை வரை கூடவே வந்து எங்களைவிட அதிகமாக அழுதவர் அவர். அதன் பிறகு என் கணவர் சைக்கிளை விட்டு ஸ்கூட்டருக்கு மாறினார். காலையில் அதை அக்கா வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறுவார், மாலையில் எடுத்துக்கொண்டு வருவார். நம் வீட்டில் வேறு யாரும் இந்தச் சாலையில் வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார். எனக்குப் போட்ட உத்தரவு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4. கண்ணாடி பொருத்தத் தங்கள் ஆட்கள் வந்த அன்று, நான் கணவரின் காலைக் காட்ட மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வளைவில் இருந்தவர் நாத்தனார் மட்டுமே. வெயிலில் நிற்கிறார்களே என்று ஆளுக்கொரு குவளை எலுமிச்சைச் சாறு கொடுத்திருக்கிறார். குடித்த மேஸ்திரி மரியாதைக்காக, “எந்தப் பக்கம் திருப்பணும்மா?” என்று கேட்டிருக்கிறார். “இன்னும் கொஞ்சம், தம்பி. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கயே நிக்கட்டும்” என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர் நிற்கச் சொன்ன கோணத்தில் தெரிந்தது என் வீட்டு வாசலும் துணிக்கொடியும். இது அப்போது எனக்குத் தெரியாது. பிற்பாடு அவர் வாயாலேயே வந்தது.

5. அன்று முதல், கீழ் ஊரிலிருந்து வரும் ஓட்டுநர்களுக்கு அந்தக் கண்ணாடியில் என் வீட்டுத் துணிக்கொடி தெரிகிறது. மேல் ஊரிலிருந்து வருபவர்களுக்கு நாத்தனாரின் முற்றம் தெரிகிறது. சாலை என்று ஒன்று இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. இது போதாதென்று, மேல் ஊர் இளவட்டங்கள் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து மீசையைச் சரிசெய்கிறார்கள். குவிகண்ணாடியில் மூக்கு பெரிதாகத் தெரியும், மீசை சிறியதாகத் தெரியும். அவர்களோ மீசை இன்னும் வளரட்டும் என்று மறுநாளும் வந்து பார்க்கிறார்கள்.

6. குடும்ப விஷயத்தை மனுவில் எழுதுவது முறையல்ல என்பதை அறிவேன். ஆனால் அதைச் சொல்லாமல் சாலை விஷயம் விளங்காது. கண்ணாடி வந்த வாரத்திலிருந்து நாத்தனாரிடமிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. துணி காய்ந்து மொடமொடவென்று ஆகிவிட்டது, எடுக்கவில்லையா? வாசலில் நிற்பது யார், ஜாக்கெட் அளவு கொடுக்க இவ்வளவு நேரமா? பாறைக்கு அப்பால் இருந்துகொண்டு இவருக்கு எப்படித் தெரிகிறது என்று முதலில் பயந்தேன். பக்கத்து வீட்டுக்காரி யாரோ கோள் சொல்கிறாள் என்று நினைத்து, பாவம், அவளோடு பேசுவதையும் நிறுத்தினேன். பிறகு ஒரு பிற்பகல், சன்னலோரத் தையல் மிஷினில் ஊசிக்கு நூல் கோக்க வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்ந்தபோது, கண்ணாடிக்குள் குட்டியாக நாத்தனார் தெரிந்தார்.

7. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என் கணவரின் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

8. ஐயா, என் நாத்தனாருக்கு அறுபதை நெருங்கும் வயது. மாடிப்படி ஏறச் சொன்னால் முட்டி வலிக்கும். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முற்றத்துக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டுவதைக் கண்ட எனக்கு வேலை ஓடவில்லை. ஸ்கூட்டரில் பெட்ரோல் குறைகிறதே என்று என் கணவர் தினமும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்த காரணமும் அன்றுதான் விளங்கியது. உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் தொலைபேசியில், “மிஷின்ல தலைய வச்சுத் தூங்குறியா?” என்று அவர் கேட்டபோது, “இல்லண்ணி. நீங்க சைடு ஸ்டாண்டை எடுக்காமலே கிளம்பிட்டீங்களே, அதத்தான் பாத்துட்டு இருக்கேன்” என்று மட்டும் பணிவாகச் சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அன்றிலிருந்து என் துணிக்கொடியைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. நானும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

9. இப்படியே போயிருந்தால் இந்த மனுவுக்கு வேலையில்லை. சென்ற வாரம் நாத்தனாருக்குக் கிணறு அலுத்துவிட்டது. நான் ஒரு வாடிக்கையாளரின் சிவப்புப் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவர் வாயிற்கதவைத் திறப்பதும், வண்டியில் ஏறி ஆடி ஆடி வெளியே வருவதும் தெரிந்தது. பிறகு கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி மறைந்துவிட்டார். அதாவது சாலைக்கு வந்துவிட்டார். அதே நேரம் மேல் ஊரிலிருந்து வரும் பேருந்து என் சன்னலைத் தாண்டிப் போனது. இரண்டையும் ஒருசேர அறிந்திருந்தது அந்த நிமிடத்தில் உலகத்தில் நான் ஒருத்திதான்.

10. எப்படி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. வளைவுக்கு முன்னால் பேருந்து எப்போதும் தயங்கும். அந்தத் தயக்கத்தில் குறுக்கே போய் நின்று, கையிலிருந்த பாவாடையை வீசினேன். பிரேக் பிடித்த சத்தத்தில் பாறையிலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின. பாறையின் மறுபக்கத்திலிருந்து நாத்தனார் வந்தார், பேருந்தைப் பார்த்தார், பிரேக்குக்குப் பதில் கண்ணை மூடினார். வண்டி சாலையோர மணல் குவியலில் ஏறி நின்றது. அந்த மணலைக் கொட்டி எடுக்காமல் விட்டதும் தங்கள் துறைதான். அதற்கும் நன்றி.

11. அந்தப் பேருந்தின் நடத்துநர் என் கணவர். விசிலை வாயில் வைத்தபடியே இறங்கிவந்தவர், மணலில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டு, “அக்கா, நீயா?” என்றார். விசிலும் கூடவே ஊதியது. நாத்தனாரோ, “முதல்ல கையக் குடு, அப்புறமாக் கத்து” என்றார். பயணிகள் எல்லாரும் சன்னலில் இருந்தார்கள். ஓட்டுநர் முகம் வெளுத்துப்போய், கண்ணாடியைப் பார்த்துத்தான் திரும்பப் போனேன், அதில் ஒரு காலி முற்றமும் அங்கே காயும் போர்வையும்தான் தெரிந்தன என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான். இந்த மனு அவர் சொன்ன அந்த வார்த்தைக்காகத்தான்.

12. அன்று மாலை எங்கள் வீட்டில் பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். என் கணவர் பெட்ரோலில் தொடங்கினார். நாத்தனார் நடுவில் நிறுத்தி, கண்ணாடியைத் திருப்பச் சொன்னதைத் தானே ஒப்புக்கொண்டார். தனியாக இருக்கிற வீட்டில் பாறையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, எதிரே நான்கு மனிதர்கள் தெரிந்தால் தேவலை என்று தோன்றியதாம். வண்டி எதற்கு என்று கேட்டபோதுதான் மற்றதும் வெளியே வந்தது. மாதாமாதம் கண் மருத்துவமனைக்கு அவரைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போவது என் கணவர்தான். “பள்ளம் வர்றப்பல்லாம் அவன் காலை ஊன்றான். ஊன்றப்ப பல்லைக் கடிக்கிறான். பின்னாடி உக்காந்திருக்கற எனக்குத் தெரியாதா? கேட்டா இல்லேங்கறான். அதான் நானே போயிடலாம்னு பாத்தேன்” என்றார். பிறகு யாரும் பெட்ரோலைப் பற்றிப் பேசவில்லை. என் கணவர் எழுந்து போய் ஸ்கூட்டரில் ஒட்டியிருந்த மணலை ரொம்ப நேரம் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, அவரே அக்காவை மேல் ஊர் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போய், பிரேக் எது என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

13. எனவே ஐயா, கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டுகிறேன். கண்ணாடியைச் சாலையின் பக்கம் திருப்பி, எலுமிச்சைச் சாற்றுக்கு இளகாதபடி போல்ட் போட்டு முறுக்கிவிட வேண்டும். அதே மேஸ்திரியை அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை, நல்ல மனிதர். ஆனால் தம்பி என்று கூப்பிட்டால் எந்தப் பக்கமும் திரும்பக்கூடியவர், ஆகவே கூட ஒருவரையும் அனுப்பவும். அடுத்து, தங்கள் அலுவலகத்தில் கீறல் விழுந்த பழைய கண்ணாடி ஏதேனும் மூலையில் கிடந்தால், அதைப் பாறையின் தலையில், வண்டி ஓட்டுபவர் பார்வைக்கு எட்டாத உயரத்தில் பொருத்த அனுமதிக்க வேண்டுகிறேன். இதற்கான சாலைப் பாதுகாப்புக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. கண்ணாடி திரும்பிவிட்டால் அண்ணி சாயங்காலம் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான்.

14. தாங்கள் நேரில் பார்வையிட வருவதாக இருந்தால், மாலை வேளையைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், வளைவுக்கு வெகுமுன்பே ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிடவும். நாத்தனார் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். நிறுத்துவதைத்தான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

விரைந்து ஆவன செய்வீர்கள் என்று, இம்முறை நம்பிக்கையோடு,

தங்கள் உண்மையுள்ள,
தையற்காரி
(ஒப்பம்)

இடம்: பாறை வளைவு
நாள்: சிவப்புப் பாவாடையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்த செவ்வாய்க்கிழமை

பின்குறிப்பு (மனுவைப் படித்துப் பார்த்த மூத்த நாத்தனார் தம் கைப்பட எழுதியது): மேலே கண்டவை எல்லாம் உண்மை. வண்டி ஆடி ஆடி வந்தது என்பது மட்டும் தவறு. வண்டி நேராகத்தான் வந்தது, ஆடியது தங்கள் சாலை. என் வாசல் முன்னால் உள்ள பள்ளத்தைக் கண்ணாடிக்கு முன்பே சரிசெய்து தரவும். வேலையாட்கள் எத்தனை பேர் என்று முன்கூட்டிச் சொன்னால் எலுமிச்சை வாங்கிவைக்க வசதியாக இருக்கும்.