பசியில்லை என்று சொன்ன தெரு

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கே நலமாக இருக்கிறோம். இதை நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, நம் ஊர்ச் சாப்பாட்டு நிலைமையைப் பற்றி நீ எழுதிய ஆராய்ச்சி அறிக்கையிலேயே அச்சாகி வந்துவிட்டது. கடல் தாண்டி நீ எப்படி இருக்கிறாய்? கம்ப்யூட்டரையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

மாடிவீட்டுத் தையல்காரியை உனக்கு நினைவிருக்கும், உன் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்துத் தந்தவள். அவள் புருஷன் கட்டட வேலைக்கென்று வெளிநாடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதல் மூன்று மாதம் பணம் வந்தது, அப்புறம் பணமும் இல்லை பேச்சும் இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரசாங்கம் தரும் உணவு அட்டையை நம்பித்தான் காலம் தள்ளினாள். போன மாதம் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஏனென்று கேட்க அவளோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். வெளிநாட்டில் ஆள் இருக்கும் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று ஆராய்ச்சியில் தெரிந்துவிட்டதாம். குமாஸ்தா ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மேலே உன் பெயர். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அவர் உள்ளே இருப்பதை வாசிக்கும் வரைக்கும்தான். இவ்வளவு படித்தவர்கள் எழுதியது தப்பாக இருக்குமா என்று என்னையே கேட்டார். “எழுதினவ என் பொண்ணுதான் சார். அவ தப்பு பண்ணுவா, நான் பாத்திருக்கேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. பணம் அனுப்புவதில்லை என்று புருஷனிடமே கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். பிள்ளைகளுக்கே நாலு வரி எழுதாதவன் இதற்கென்று பேனாவைத் தேடி எடுப்பான் போலிருக்கிறது. காய்கறி விலை சீராக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாயாமே. காலையில் ஒரு விலை, மழை பெய்தால் ஒரு விலை, நீ எல்லாவற்றையும் கூட்டி வகுத்து ஒரு சராசரியைப் போட்டுவிட்டாய். இருபது வருஷமாகச் சந்தையில் தக்காளி விற்கிறேன், சராசரி விலைக்கு ஒருத்தரும் என்னிடம் வாங்கியதில்லை.

ஆனால் பழி முழுவதையும் உன் தலையில் போட முடியாது. போன வருஷம் கணக்கெடுக்க வந்த இருவரும், ஃபேன் இருக்கிறதென்று நம் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்தார்கள். உன் ஆட்கள் என்று எனக்கும் தெரியாது, நான் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. தெருப் பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, இந்த வாரம் எத்தனை நாள் சாப்பாடில்லாமல் இருந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். நாலு பேர் காதுபட யார் சொல்வார்கள்? தையல்காரி ஒரு நாளும் இல்லை என்றாள். அது மாதக் கடைசி, அட்டையில் வாங்கியதெல்லாம் தீர்ந்து அவள் வீட்டில் அடுப்பு எரியாதது எனக்குத் தெரியும். நானும் ஒரு நாளும் இல்லை என்றேன். உன் விசா புதுப்பிக்காமல் இழுத்து, சம்பளம் நின்றுபோன சமயம் அது. எனக்கு முழங்கால் வீங்கிச் சந்தைக்குப் போகவில்லை. இருந்ததை உன் அப்பாவுக்குப் போட்டுவிட்டு மூன்று நாள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். மகள் பெரிய வேலையில் இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அதை எப்படிச் சொல்வது?

அன்று அலுவலகத்தில், புருஷன் கையெழுத்து கிடைக்காது என்றதும், புது மனு போட வேண்டுமென்றால் பட்டினி கிடந்ததை வாயால் சொல்ல வேண்டும் என்றார் குமாஸ்தா. பின்னால் வரிசையில் முப்பது பேர். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டு, போகலாம் அக்கா என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். “முதல்ல என் பேரை எழுதிக்கோங்க. கணக்கெடுக்க வந்த வாரம் மூணு நாள் நான் சாப்பிடல. வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன்” என்றேன். அப்புறம் அவளும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் சொன்னார்கள். குமாஸ்தாவுக்குப் பேனாவை மூட நேரம் கிடைக்கவில்லை.

அட்டை மூன்று மாதத்துக்கு மட்டும் திரும்ப வந்திருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் புத்தகம் எழுதியவரே திருத்தி எழுதித் தர வேண்டுமாம். கௌரவம் பார்க்காமல் எழுதிக்கொடு, என் கௌரவம் அந்த வரிசையில் போனதைவிட உனக்கு அதிகம் போய்விடாது. மறுபடி ஆள் அனுப்பினால் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கச் சொல். பசியா என்று கேட்க வேண்டாம், நேற்று என்ன சமைத்தாய் என்று கேட்கட்டும்.

நோய்நொடி அண்டாமல், நீ எழுதுகிற எழுத்து நாலு பேர் வயிற்றை நிரப்புகிற மாதிரி நன்றாக இரு. இதைப் படித்ததும் பதறிப்போய் போன் போட்டு, சாப்பிட்டாயா அம்மா என்று கேட்காதே. கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா