ஒரே பலகைக்கு இரண்டு பேர்

ஜூன் 3, செவ்வாய்

எட்டுப் பேர் படுக்கும் அறை. எனக்குக் கீழ்க்கட்டில், பல்லிக்கு மேல்கட்டில். பல்லி என் நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. சிறுவயதில் சுவர் சுவராக ஏறியதற்கு வீட்டில் வைத்த பெயர். வளர்ந்து, பல் கட்டும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இரண்டு மடங்கு பொருந்திவிட்டது. நாற்பத்தொரு வயதிலும் ஏணியைத் தொடாமல்தான் மேலே போகிறாள்.

ஆளுக்கு ஒரு முதுகுப்பை, ஏழு கிலோ. பதினேழு நாள். இது பலகைமேல் நின்று கடலலையில் சறுக்கும் அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். தெருவில் செருப்புக் கடைகளைவிடப் பலகைக் கடைகள் அதிகம். பாதிப் பேர் காலில் செருப்பே இல்லை. கூட்டம் இல்லாத மாதம் என்பதால் எல்லாம் பாதி விலை. எங்கள் கைக்கு அதுவும் எட்டாக்கனிதான், ஆகவே சொந்தச் சமையல். பொதுச் சமையலறைக் குளிர்பெட்டியில் வைத்த எங்கள் முட்டைகள்மீது பல்லி பேனாவால் எண் போட்டாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

சொல்ல வேண்டியதை இன்றும் அவளிடம் சொல்லவில்லை. இங்காவது எழுதி வைக்கிறேன். நானும் அவள் அண்ணனும் மனமொத்து விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இருபத்துமூன்றாம் தேதி கடைசி விசாரணை. அவர் பதினான்கு மாதமாக வேறு ஊரில் இருப்பது பணிமாற்றத்தால் என்றே பல்லி நம்புகிறாள். "அவகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று பொறுப்பேற்றவள் நான்தான்.

ஜூன் 4

வாடகைக்கு ஒரு பலகை. ஓர் ஆளுக்கான பாடம். பயிற்சியாளருக்கு விசில் என்று பெயர் வைத்திருக்கிறோம், பேசுவதைவிட ஊதுவது அதிகம் என்பதால். பாடம் பல்லிக்கு. நான் பத்தடி தள்ளி, கடலைப் பார்க்கிற பாவனையில் நின்றிருந்தேன்.

"அக்கா, பக்கத்துல வந்தே கேளுங்க. காதுக்கெல்லாம் நாங்க காசு வாங்கறதில்ல."

"எங்க அண்ணி நிருபர்" என்றாள் பல்லி. "ஒட்டுக்கேக்கறதுதான் அவங்க தொழிலே."

குப்புறப் படுத்து, மார்புக்கு அருகே கைகளை ஊன்றி, ஒரே துள்ளலில் எழ வேண்டும். மணலில் எளிது. அரை மணி அவள், அரை மணி நான். ஒருத்தி நீரில் இருக்கும்போது மற்றவள் கரையில்.

ஜூன் 5

என் முறைக்குப் பதினொரு அலை. ஒன்றிலும் எழவில்லை. பிறகு கரையில் அவளோடு இருபது நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்தேன். நாவும் எழவில்லை.

ஜூன் 7, சனி

பல்லி நின்றுவிட்டாள். நான்கு விநாடி. விசில் காது கிழிய ஊதினார். முழங்காலில் சிராய்ப்பு, மூக்கில் கடல்நீர், அதோடு ஓடிவந்தாள். "அண்ணி, பார்த்தீங்களா? பார்த்தீங்கல்ல?"

பார்த்தேன்.

மதியம் ரொட்டியும் முட்டையும் சாப்பிடும்போது அடுத்த ஆண்டுக்கான திட்டம் போட்டாள். "அண்ணனையும் இழுத்துட்டு வரணும். அந்தத் தொப்பையோட பலகைல ஏறுறதை நான் கண்ணால பார்க்கணும்."

"பலகை தாங்குமா?" என்றேன். சிரிக்கவும் செய்தேன். என்ன ஜென்மம் நான்?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் தன் நிச்சயதார்த்தத்தை முறித்தபோது அந்த வீட்டில் அவள் பக்கம் நின்றவள் நான் ஒருத்திதான். "அண்ணன் எனக்குப் பண்ண ஒரே நல்லது உங்களைக் கட்டிக்கிட்டது" என்று அப்போது சொன்னாள். கணவரைப் பிரிவதில் எனக்கு இனி அழுகை பாக்கியில்லை. பல்லியும் போய்விடுவாளோ என்பதுதான் பயம். அதைத் தவிர வேறு பயம் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவள் கரையேறிக் கணுக்காலில் கட்டிய பலகைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். யார், எப்போது, எங்கே, அடுத்த தேதி எது என்று செய்திபோலச் சொன்னேன். வேறுவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

"கையெழுத்து என்னைக்குப் போட்டீங்க?"

"மே பதினாறு."

"அன்னைக்குச் சாயங்காலம்தானே பை வாங்க என்கூடக் கடைக்கு வந்தீங்க? ஒவ்வொரு பையா ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தீங்க."

"ஆமா."

"ஜிப்பைப் பார்த்தீங்க. என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் தோணல."

பிறகு கடலைப் பார்த்தபடி கேட்டாள்: "இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது?"

பலகையை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். "உங்க முறை."

நான் நீரில் இறங்கவில்லை. அரை மணி வீணானது.

ஜூன் 9, திங்கள், பகல் பதினொன்று, பேருந்து நிலையம்

பல்லி போய்விட்டாள்.

காலை எட்டு மணிக்குப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு என் கட்டிலருகே நின்றாள். "வரேன்" என்றாள். எப்போதும் "வரேன் அண்ணி"தான். இன்று மொட்டையாக வரேன். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஒன்பதரைக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும். அவள் இல்லாமல் இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? வரவேற்பு மேசைக்காரியிடம் இருவரும் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊருக்குப் பேருந்து ஒரு மணிக்கு.

குறை சொல்ல முடியாது. அவர் அவளுடைய அண்ணன்.

அதே நாள், மாலை

பன்னிரண்டு இருபதுக்கு, பக்கத்தில் பலகை மாட்டும் கொக்கி வைத்த ஸ்கூட்டர் ஒன்று பேருந்து நிலையத்துக்குள் வந்தது. ஓட்டியவர் விசில். பின்னால் பல்லி, பையோடு.

"எங்க கிளம்பிட்டீங்க?" நிலையமே திரும்பிப் பார்த்தது.

"நீதானே போயிட்ட."

"நான் போறேன்னா சொன்னேன்? வரேன்னுதானே சொன்னேன்!"

"போறவங்களும் அதைத்தானே சொல்வாங்க!"

"துணி துவைக்கப் போனேன்! இருந்த அத்தனையும் உப்பு. உங்க துணியையும் சேர்த்துத்தான் எடுத்துட்டுப் போனேன்." பையைத் திறந்து காட்டினாள். என் நீலச் சட்டை மேலேயே இருந்தது, ஈரத்தோடு மடித்து. என் பை லேசாக இருந்ததைக்கூட நான் கவனித்திருக்கவில்லை.

"கோவமா இருந்தியே."

"கோவமும் இருந்துச்சு, அழுக்கும் இருந்துச்சு. கோவம் வந்தா துவைக்கக் கூடாதா?"

"மூணு வாட்டி போன் பண்ணேன்."

"அது மேல்கட்டில்ல சத்தம் வராமக் கெடந்துச்சு. சார்ஜர், துண்டு, மூக்குக்கண்ணாடி எல்லாம் அங்கேயே. உங்க தலைக்கு மேல! ஏணில ஒரு படி ஏறிப் பார்த்தீங்களா? ரிசப்ஷன் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? துவைக்கற கடைக்கு வழி கேட்டதே நான் அவகிட்டதான். திரும்பி வந்தப்ப நீங்க கிளம்பிட்டதையும் அவதான் சொன்னா. நீங்கல்லாம் ஒரு நிருபர்."

இருபத்தெட்டு ஆண்டுகள் இந்தத் தொழிலில். இன்னொருவர் வாயாலும் கேட்காமல் ஒரு வரி எழுதாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். விசில் எதிலும் தலையிடாமல் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போனால் எங்கள் கட்டில்களில் வேறு இருவர் பை வைத்திருந்தார்கள். நான் செய்த வேலை. குளிர்பெட்டியிலிருந்து மிச்ச முட்டைகளை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தோம். ஐந்தாவது இடத்தில், சலவைக் கடை மாடியில் ஓர் அறை கிடைத்தது. ஒரே கட்டில். வீட்டுக்காரம்மா வெளியூரில்; சாவி கொடுத்தது அவர் மருமகள். மற்றதெல்லாம் காலையில் அத்தை வந்து பார்த்துக்கொள்வார் என்றாள்.

ஈரத் துணிகளை ஜன்னல் கம்பியில் காயப் போடும்போது பல்லி பேச ஆரம்பித்தாள்.

"அண்ணனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"கேக்கலையே."

"அது தொப்பைக்காரன், சோம்பேறி, வாயைத் திறக்காது. இருந்தாலும் என் அண்ணன்."

"தெரியும்."

"என்கிட்ட மறைச்சதுக்குக் கோவம் இன்னும் போகல."

"சரி."

"எப்பப் போகும்னு தெரியாது."

"சரி."

"சும்மா சரி சரின்னா? அந்த முனையைப் பிடிங்க, பிழியணும்."

பிழிந்தோம். அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் எதிர்ப்பக்கம்.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டுக்காரம்மா காலை ஏழுக்கே பெரிய பதிவேட்டோடு வந்துவிட்டார். பெயர், முகவரி, கூடத் தங்குபவர் என்ன உறவு, எத்தனை நாள் என்று கட்டங்கள். உறவுக் கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது. இருபத்துமூன்றுக்கு முன்பு ஒரு பதில், பின்பு ஒரு பதில். இன்று எதை எழுதுவது?

பல்லி பேனாவை வாங்கிக்கொண்டாள். 'கூட' என்று எழுதினாள்.

"கூடப் பொறந்தவங்களா?" வீட்டுக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜாடையே இல்லையேம்மா."

பல்லி நிமிரவில்லை. 'கூட வந்தவர்' என்று எழுதி முடித்தாள். அந்தம்மா அதை வாய்விட்டுப் படித்தார். அப்படியும் ஓர் உறவு உண்டா என்று கேட்க நினைத்தார்போலும், கேட்கவில்லை.

அடுத்த கட்டத்தில், எத்தனை நாள் என்பதற்கு, பத்து என்று போட்டாள்.

இன்று தேதி பத்து. முதலில் போட்ட திட்டப்படி நாங்கள் ஊர் திரும்புவது இருபதாம் தேதி. விரல் விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.