ஒருத்தி ஏறினாள்

என் வீட்டுக்காரருக்கும் ஆய்வுப் பயணச் சங்கத்தின் தலைவருக்கும் (இரண்டும் நீங்களே என்பதால் ஒரே கடிதம்),

சங்கத்தின் நூற்றாண்டு வரலாற்றை என்னையே எழுதச் சொன்னீர்கள். எழுதிக் கொடுத்தேன். இன்று அச்சகத்தில் அச்சுப்படியைப் பிரித்தால், பனிமலை அத்தியாயத்தில் மட்டும் உங்கள் சிவப்பு மை. "இருவரில் ஒருத்தி உச்சிக்கு ஏறினாள்" என்று நான் எழுதியதை, "இருவரில் ஒருவர் உச்சிக்கு ஏறினார்" என்று மாற்றியிருக்கிறீர்கள்.

தொலைபேசியில் கேட்டதற்கு, "ஏறினாள்னா மட்டமா இருக்கும்மா. உனக்கு மரியாதை வேணாமா?" என்றீர்கள்.

அடேயப்பா, என்ன கரிசனம்! எதிர்ப்பக்கம் முழுக்க வரும் படத்தில் பனிக்கோடரியும் கையுமாக நிற்பது நீங்கள். அந்த 'ஒருவர்' யார் என்று எவராவது கேட்பாரா?

அன்று நீங்கள் காய்ச்சலில் கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தீர்கள். அதில் தப்பே இல்லை. நான் இறங்கி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல என்ன இருந்துச்சு? சொல்லு, சொல்லு" என்று குழந்தை மாதிரி கேட்டீர்கள். நான் சொன்னதைத்தான் சங்க மண்டபத்தில், கண்ணால் கண்டவர் போலப் பேசினீர்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். அந்த ஒரு கைதட்டல் போதும், இனி தட்டமாட்டேன்.

அச்சகக்காரர் வந்து, "எதைம்மா போடட்டும்?" என்றார். நான் எழுதியதையே போடச் சொன்னேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சங்கம் என்னை நீக்கினால் நீக்கட்டும். சாயங்காலம் புத்தகத்தோடு நம் வீட்டுக்குத்தான் வருவேன்.

அந்த மரியாதை எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள். 'நீ' என்றது கை தவறி வந்ததல்ல. முடிந்தால் அதையும் சிவப்பு மையால் திருத்து.

இப்படிக்கு,
ஒருத்தி