குழாயைத் தட்டும் நேரம்

அன்புள்ள பெரியவனுக்கு,

வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு அம்மா எழுதுவது. எழுதுவது என்றால், கையில் மருந்து ஏறுவதால் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்ல, உன் தங்கை எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கிவிடுகிறாள், பொறுத்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். அப்பா குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கி வீட்டைக் குளமாக்கினார், மற்றபடி விசேஷம் இல்லை.

எனக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன் வியாழக்கிழமை காலை. இரண்டு மாதமாக, முடியவே முடியாது என்று நான் அடம்பிடித்தது உனக்குத் தெரியும். கத்திக்குப் பயமில்லையடா. இதயத்தை நிறுத்திவைக்கும் நேரத்தில் ரத்தத்தை ஓட்டுகிற இயந்திரத்தின் முன்னால் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். அதன் குழாயில் ஒட்டிக்கொண்ட ஒரு காற்றுக்குமிழி ரத்தத்தோடு மூளைக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்ததுதான் வினை. உன் தங்கை நூலகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிவந்து தேடினாள், குமிழிக்கு அரைப் பக்கம்தானாம், அவளுக்கு ஒரே ஏமாற்றம்.

உனக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. ஆறு வயதில், நான் கொண்டுவந்த உபயோகிக்காத குழாயில் தண்ணீர் நிரப்பித் துணிக்கொடியில் தொங்கவிட்டு, கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிக் குமிழிகளை மேலே விரட்டுவாய். அவற்றுக்குத் திருடன் என்று பெயர் வைத்திருந்தாய். அம்மா, வளைவுல ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான் என்று கத்துவாய். அந்தக் குரலை நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? எல்லாரும் போன பிறகு மைதானத்துப் படியில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நீ மட்டும் உட்கார்ந்திருந்தாய். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் தாமதமாக வந்த காரணத்தைச் சொன்னதே இல்லை. அன்று உன் பந்தயத்துக்கு வரும் அவசரத்தில் குழாயைப் பாதிதான் தட்டினேன், எல்லாம் சரி என்று சொல்லியும்விட்டேன். பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை முதல்லேர்ந்து தட்டும்மா என்றார். வளைவில் கடலைப்பருப்பு அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. நோயாளி உன் வயதுப் பையன். அதன் பிறகு குழாய்கள் அத்தனையையும் மூன்று தடவை தட்டினேன், நேரமாகிவிட்டது.

இப்போது அந்த இயந்திரத்தில் இருப்பவன் நான் வேலை பழக்கிய தம்பி. முந்தாநாள் பார்க்க வந்தவனைச் சும்மா விடவில்லை, ஒரு குழாயைக் கொண்டுவரச் சொல்லி என் எதிரில் தட்டச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நிதானமான கை. அக்கா, மயக்கத்துல இருந்தாலும் என்னைத் திட்டுவீங்க, அந்தப் பயம் போதும் எனக்கு என்றான். அதற்குப் பிறகுதான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

உனக்கு ஒரே ஒரு வேலை. வியாழக்கிழமை ஆரம்பிச்சாச்சா, ஆரம்பிச்சாச்சா என்று போன் போட்டு அப்பாவையும் அந்தத் தம்பியையும் அவசரப்படுத்தாதே. சொன்ன நேரம் தாண்டினால் அவன் இன்னொரு தடவை தட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள். அன்றைக்கு அந்தப் படியில் காத்திருந்தாயே, அதேபோல இன்னும் கொஞ்சம் காத்திரு. அன்றும் நான் வந்துவிட்டேன் அல்லவா.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

உன் அம்மா

(சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்தது: தங்கை)